ஹோம் தியேட்டர் சொன்ன வணக்கம்

மின்சாதனங்கள் புது ஆளைப் பார்த்தால் தங்கள் வயதைத் தாங்களே சொல்லிவிடும் காலம் அது. நீலமேகம் வீட்டு ஹோம் தியேட்டர், கூரியர்காரர் வந்தால்கூட, "வணக்கம், நான் பன்னிரண்டு வருஷப் பழசு" என்று கணீரென்று அறிவித்தது. பாட்டு போட்டால் மட்டும்தான் கரகரத்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வான்மதியைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

"ரிப்பேர் பண்ணிடலாமாப்பா?" என்று நீலமேகம் மெக்கானிக்கைக் கேட்டார்.

"பண்ணலாம் சார். ஆனா ரிப்பேர் பண்ணினதையும் சேர்த்துச் சொல்லும்."

"புதுசு வாங்கினா மண்டபம் பிடிக்க முடியாது, பாத்துக்குங்க" என்றாள் மனைவி கோமளம்.

நீலமேகம் யோசித்தார். ஞாயிறன்று கூடத்தில் சுவரளவுக்குப் புது ஹோம் தியேட்டர் நின்றது. பழையது குளியலறையில் போர்வைக்குள் கிடந்தது.

மாப்பிள்ளையின் அப்பா தணிகாசலம் முழுக்கைச் சட்டையில் மிடுக்காக வந்து உட்கார்ந்தார்.

"நம்ம வீட்ல எல்லாமே லேட்டஸ்ட்தான் சார்" என்று நீலமேகம் கையை விரித்தார்.

"வணக்கம்" என்றது ஹோம் தியேட்டர். "எனக்கு ஒரு மாசம்தான் ஆகுது. இங்கே வாடகைக்கு வந்திருக்கேன்."

கோமளம் அவசரமாகக் கேசரித் தட்டை நீட்டினாள். சம்பந்தம் போயிற்று என்று நீலமேகம் தரையைப் பார்த்தார்.

தணிகாசலத்தின் சட்டைக் கைக்குள்ளிருந்து தங்கக் கடிகாரம் பேசியது.

"வணக்கம். அட, நீயும் நம்ம கடையா?"

வான்மதி சிரித்துவிட்டாள்.

தணிகாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்தஸ்து பொருந்திடுச்சு சம்பந்தி. தட்டை மாத்திக்கலாம். கொஞ்சம் சீக்கிரம், கடை சாத்தறதுக்குள்ள இதைத் திருப்பிக் குடுக்கணும்."