தவறான பதில்

தூத்துக்குடியில் தனியாக இருக்கும் அப்பாவின் உடல்நிலையை அவர் கையில் கட்டிய பட்டை கவனித்துக்கொள்கிறது. மகள் ஜெசிந்தா அழைத்தால், அவருக்குப் பதிலாக ஒரு நிறுவனத்தின் சேவை போனை எடுத்து அவர் குரலிலேயே, "நல்லா இருக்கேன்மா" என்று பதில் சொல்லும். அந்தச் சேவை ஓடுகிறதா என்று பார்க்க அவள் ஒரு நிரல் எழுதியிருந்தாள். மணிக்கொரு முறை அது அவள் குரலில், "எப்படி இருக்கீங்கப்பா?" என்று கேட்கும். "நல்லா இருக்கேன்மா" என்று வந்தால் அவள் திரையில் பச்சை விளக்கு எரியும். வேறு எது வந்தாலும் கோளாறு என்று துண்டித்துவிட்டு மறுபடி அழைக்கும்.

நான்கு மாதமாக விளக்கு பச்சையாகவே இருந்தது.

"நல்லதுதானே?" என்றான் கணவன் பிரதாப்.

"எந்தச் சேவையும் நாலு மாசம் ஒரு தடவைகூட நிக்காம ஓடாது. எங்கயோ பொய் சொல்லுது."

பதிவுகளைத் தோண்டினாள். செவ்வாய் மதியம் ஒரே ஒரு கோளாறு. ஒலிப்பதிவைத் திறந்தாள். சேவை முந்துவதற்குள் அப்பாவே போனை எடுத்திருந்தார்.

"ஜெசி, நீயாம்மா? நெஞ்சைப் பிடிக்குது. கொஞ்சம் சீக்கிரம்…"

தவறான பதில் என்று நிரல் துண்டித்திருந்தது. உடனே மறுபடி அழைத்து, சேவையின் பதிலால் பச்சை வாங்கியிருந்தது.

இன்று வெள்ளி.

இந்த முறை அவளே அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தது.

"நல்லா இருக்கேன்மா."