கூடத்துக்கு ஒரு ஃபேன்

காத்திருப்புக் கூடத்துக்கு எந்த ஃபேன் வேண்டும் என்பதை அங்கே உட்கார்ந்திருக்கும் ஜனங்களே முடிவு செய்யட்டும் என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

"சுத்திச் சுத்தி அலுத்துப்போச்சு. ஆனாலும் இந்தக் கொக்கியை விட மனசு வரல," என்றது கூரையில் தொங்கிய பழைய ஃபேன்.

"நம்ம கம்பெனி பேரு கெடுது அண்ணே. கொக்கியை எனக்கு விட்டுக்கொடுங்க," என்றது அட்டைப்பெட்டிக்குள் இருந்த புது ஃபேன்.

"எனக்கு உங்க கம்பெனியும் வேண்டாம், கொக்கியும் வேண்டாம். நான் தனியா நிக்கிறேன்," என்றது மூலையிலிருந்த மேஜை ஃபேன்.

யாருடைய காற்று நல்ல காற்று என்று மூன்றும் சாயங்காலம் வரை வாதாடின. நடுவில் கரண்ட் போனதை அவை கவனிக்கவே இல்லை.

கீழே காத்திருந்தவர்களுக்கு வியர்த்துக் கொட்டியது. அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து, ஆளுக்கொரு துண்டு எடுத்து விசிறிக்கொண்டார்கள்.