சத்தம் நுழையாத இடம்

"சத்தியநேசா, எழுந்து நில்லுடா!"

சாம்பசிவன் சார் போட்ட கூச்சலில் வகுப்பே கப்சிப் என்று ஆனது. மேசை மேல் ஒரு கண்ணாடிக் குடுவை, அதற்குள் ஒரு மின்சார மணி. குடுவையிலிருந்து காற்றை உறிஞ்சிவிட்டால் மணி அடித்தாலும் ஓசை வெளியே வராது. 1934-ல் திருவனந்தபுரத்துக் கல்லூரி ஒன்றில் அன்றைய பௌதிகப் பாடம் அதுதான்.

பாடம் எங்கே நடந்தது? சார் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் பையன்கள் சிரித்துத் தொலைத்தார்கள். கடைசியில் சந்தேகப்பட்டுத் தன் கறுப்பு அங்கியின் முதுகைத் தடவிப் பார்த்தார். குண்டூசியோடு ஒரு சீட்டு கையில் வந்தது.

'உள்ளே பூரண வெற்றிடம். சத்தம் நுழையாது.'

பௌதிக ஜோக் என்றால் ஹாஸ்டலில் சத்தியநேசன் பெயர்தான் முதலில் வரும். வேறு சாட்சி எதற்கு? அவனுக்கோ, இப்படியொரு ஜோக் தனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று பொறாமையாக இருந்தது.

"மன்னிப்புக் கேளு. இல்லேன்னா பிரின்ஸிபால்கிட்ட சொல்லி உன் பேரை வெட்டிடறேன்!"

படிப்பு போனால் போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் அப்பாவோடு கொழுந்து நிறுக்கத்தான் போகவேண்டும். அது சத்தியநேசனுக்குத் தெரியும். ஆனாலும் தலை குனியவில்லை.

"செய்யாத காரியத்துக்கு நான் எதுக்கு சார் மாப்பு கேக்கணும்? நீங்க வாரதுக்கு முன்னமே நான் கடைசி பெஞ்சில இருந்தாச்சு."

"வேற எவன்டா செஞ்சிருப்பான்?"

முன் பெஞ்சில் தனியாக இருந்த ரத்னாபாய் எழுந்தாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். பெண்கள் அறை வாசலில் காத்திருந்து, சார் வரும்போது அவர் பின்னாலேயே வரவேண்டும். மணி அடித்ததும் அவர் பின்னாலேயே போய்விடவேண்டும். அங்கே அதுதான் முறை.

"சார், ஒரு காரியம் சொல்லணும்..."

"சந்தேகமெல்லாம் அப்புறம். நீ உக்காரும்மா."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வருஷம் தொடங்கியது முதல் அவள் எந்தச் சந்தேகம் கேட்டாலும் இதே பதில்தான்.

"கடைசியாக் கேக்கறேன், சத்தியநேசா. மன்னிப்பு உண்டா, இல்லையா?"

"பேரை வெட்டுங்க சார். மாப்பு மட்டும் வராது."

"அவ்வளவு திமிரா? வாடா பிரின்ஸிபால்கிட்ட!"

சாம்பசிவன் சார் விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார். ரத்னாபாய் உட்காரவில்லை. ஓடிப்போய் அவருக்கு முன்னால் வழியை மறித்து நின்றாள். குரல் நடுங்கவில்லை.

"குண்டூசி குத்தினது நான்தான். இப்பமாவது என் சத்தம் கேக்குதா, சார்?"