கலைமதியின் பூச்சி பக்கெட்

"இந்த மாப்பிள்ளையும் வேணாம்னு சொன்னே, அந்தப் பூச்சி பக்கெட்டைத் தூக்கினு போயி ஏரியில கடாசிடுவேன், ஆமா!" சமையலறையிலிருந்து சசிகலா கத்தினாள்.

மகள் கலைமதி காதில் வாங்காமல் தோட்டத்துக்கு நழுவினாள். ராத்திரி முழுக்கப் பக்கெட்டின் மேல் பல்பு எரிந்திருந்தது. உள்ளே முட்டை அட்டைக் குழிகளில் அந்துப்பூச்சிகள் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தன. வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகளை இப்படிப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பறக்கவிடுவதுதான் அவள் பொழுதுபோக்கு. பூச்சியைக் கண்டு முகம் சுளிப்பவன் எந்த நாட்டு ராஜாவானாலும் அவளுக்கு வேண்டாம். வரப்போகிறவனின் பெயரைக்கூட அவள் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரகடத்தில் கார் கம்பெனி என்பது மட்டும்தான் காதில் விழுந்திருந்தது.

"ஏங்க, சசிகலாம்மா வீடு இதானே?"

வேலியோரம் கார் கம்பெனிச் சட்டையில் ஓர் இளைஞன்.

"ஐயா போன்ல வரச் சொன்னாங்க. நைட் ஷிப்ட் முடிச்சு நேரா வாரேன். பேரு மணிகண்டபிரபு."

"ஒண்டியாவா வந்தீங்க?"

"கூட ரெண்டு பேரு இருக்காங்க. எனக்குப் பிடிச்சிருந்தா அவங்களைக் கூட்டிட்டு வாரேன்னு சொல்லிட்டேன்."

அப்பா அம்மாவையே காத்திருக்க வைத்துவிட்டானே, ஆள் விவரமானவன்தான்! சோதித்துவிடுவோம் என்று ஓர் அட்டையை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். உள்ளங்கை அகலப் பச்சை அந்துப்பூச்சி ஒன்று சிறகைப் படபடத்தது.

அவன் அலறவில்லை. "அடடா, அரளிச்செடியில வர்ற அந்துப்பூச்சியில்ல! எங்க கம்பெனி லைன்ல லைட்டுக்கு வந்து விழும். நான்தான் எடுத்து வெளிய விடுவேன்... ஷ்ஷ்! அங்க பாருங்க, அத்தி மரத்துல குக்குறுவான்!"

இருவரும் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றார்கள். நெற்றி சிவந்த அந்தக் குட்டிப் பறவை விடாமல் கூவியது. கலைமதிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"தினம் காலையில இங்க நின்னு பறவை பார்க்கலாமாங்க?"

"தாராளமா!"

"ஷிப்ட் மாறினா லேட்டாத்தான் வருவேன். வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?"

"யாரு சொல்றது? நான் பார்த்துக்கறேன்."

"அப்ப எனக்கு முழுத் திருப்திங்க."

முகம் சிவக்கத் திரும்பி, "அம்மா, எனக்குச் சம்மதம்!" என்று தெருவுக்கே கேட்கக் கூவினாள் கலைமதி.

சசிகலா கரண்டியோடு ஓடிவந்தாள். "இன்னாடி சம்மதம்? மாப்பிள்ளை வூட்டுக்காரங்க இன்னும் கூட்ரோட்டு டிராபிக்ல மாட்டிக்கினு கீறாங்க!"

மணிகண்டபிரபு பணிவாகக் கும்பிட்டான். "வணக்கம்மா. நானும் கூட்டாளிங்க ரெண்டு பேரும் வாடகைக்குத் தங்க, பின்கட்டு ரூமைப் பார்த்துட்டுப் போகச் சொல்லி உங்க வீட்டு ஐயாதான் சொன்னாங்க. அட்வான்ஸை இப்பவே தரட்டுமா?"