புறங்கை

காலை வெயில் மாடிப்படியில் பாதிவரை ஏறியிருக்கிறது. தீயணைப்புக்காரன் டியூட்டி முடிந்த கையோடு வந்து தையற்காரியின் கதவுக்கு முன்னால் நிற்கிறான். சட்டையில் புகை நாற்றம், காதோரம் கரி. அணைத்துவிட்டு வந்த வீட்டைப் பற்றி மனசுக்குள் எதுவும் ஓடவில்லை. கதவைத் தட்டாமல் புறங்கையை வைத்துப் பார்க்கிறான். உள்ளே தீ இருந்தால் கதவு சுடும், தொழில் பழக்கம். தையல் மெஷின் சத்தம் நிற்கிறது. படியேறி வந்த காலடி தட்டாமல் நின்றால் அது இவன்தான் என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் பக்கத்துப் பக்கத்து வீடு. இரண்டிலும் குடித்துவிட்டு அடிக்கிற அப்பா. அப்போதெல்லாம் அப்பா உள்ளே இருக்கிறாரா என்று இவர்கள் கதவில் காதை வைத்துக் கேட்பார்கள். “உள்ள யாரும் இல்ல, வா” என்று ஒருவர் சொன்ன பிறகுதான் மற்றவர் உள்ளே காலெடுத்து வைப்பார். இப்போது கதவு திறக்கிறது. அவள் கழுத்தில் இஞ்சு டேப் தொங்குகிறது.

“என்ன, சுடுதா?”

“இல்ல.”

“பின்ன ஏன் நிக்கிற?”

கதவு விலகிய பிறகும் அவன் புறங்கை அந்தரத்தில் அப்படியே நிற்கிறது. அவள் அதைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைக்கிறாள். சுடுகிறதா, குளிர்கிறதா, அவனுக்குத் தெரியவில்லை. கையை மட்டும் எடுக்கவில்லை.

“உள்ள நான் இருக்கேன்,” என்கிறாள். “வா.”