துரை ஏற்றிய கொடி

முன்னால் நாற்காலியில் கலெக்டர் துரை, அவருக்கு வலப்பக்கம் தாசில்தார், கோயில் வாசலில் விரித்த பாய்களில் ஊர்ச்சனம், மேடையோரம் முக்காலியில் உபதேசியார் மாசிலாமணி. மேடையில், வேதாகமத்து ராஜா ஒருவன் கனவில் கண்ட சிலை: பொன் தலை, வெள்ளி மார்பு, வெண்கல வயிறு, இரும்புக் கால்கள், களிமண் பாதங்கள். பாகத்துக்கு ஒரு சாம்ராஜ்யம். வருடாவருடம் அறுப்புப் பண்டிகையில், அந்தக் கனவில் வந்தபடியே, ஒரு கல் உருண்டு வந்து அதை நொறுக்கும். சனம் அதைப் பார்க்கத்தான் வரும். இந்த வருடம் கல் உருளக் கூடாது, உருண்டால் உபதேசியார் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு என்று துரை சொல்லிவிட்டார். அது போதாதென்று, பொன் தலையின்மேல் தம் ராஜாவின் கொடியையும் நடச் சொன்னார். மாசிலாமணி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

கொடி ஏறியது. கடற்காற்று அதைப் பிடித்து இழுத்தது. பாதங்கள் எப்போதும்போல நொறுங்குவதற்கென்றே சுடாமல் செய்தவை. கல் இல்லையென்று ஆனபிறகும் அவற்றைச் சுட வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. சிலை குப்புற விழுந்தது. பொன் தலை உருண்டுபோய்த் துரையின் பூட்ஸில் முட்டி நின்றது.

“எவன்டா தள்ளுனது?” தாசில்தார் எழுந்தார்.

“கல்லு வேண்டாம்னுட்டீக, கொடியத்தான வச்சோம் எசமான்,” என்றாள் பாயிலிருந்த எஸ்தர். “அதுதான் தாங்கல போல.”

பின்பாயில் தொடங்கிய சிரிப்பு முன்பாய்க்கு வந்து, பாட்டாக மாறியது. எழுத்தில் விளக்கம் வேண்டும் என்று சொல்லிவிட்டுத் துரை வண்டியேறினார்.

மாசிலாமணி பாட்டுக்கு நடுவிலேயே நிமிர்ந்து உட்கார்ந்து எழுதினார்: ‘கனம் பொருந்திய துரையவர்களுக்கு. சிலையை மனுஷர் கை எதுவும் தொடவில்லை. அந்த ராஜ்யங்களை விழத்தட்டியது மனுஷர் கையல்ல என்றுதான் வேதத்திலும் கண்டிருக்கிறது.’ கடிதத்தை மடித்து, அரக்கை உருக்கி ஊற்றி, கட்டைவிரலால் அழுத்தி, பாயிலிருந்த தபால்காரரிடம் நீட்டினார்.