சுவரில் ஒரு பச்சை

வீட்டில் இருப்பவர்களின் நிறங்களைக் கலந்து, கூடத்துச் சுவர் தினமும் விடியும்போது தானே ஒரு படம் வரையும். ஜெரின் நீலம், அவன் மனைவி சுகிர்தா மஞ்சள். சென்ற மாதம் ஓரத்தில் பச்சையாக ஒரு பொட்டு சேர்ந்தது. குழந்தை உண்டாகியிருப்பதை டாக்டர் அதற்குப் பிறகுதான் சொன்னார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அந்தப் பொட்டைத்தான் முதலில் தேடுவார்கள்.

இன்று காலை ஜெரின் எழுந்து வந்தபோது பொட்டு இல்லை. படத்தில் நீலமும் மஞ்சளும் மட்டுமே இருந்தன. அடுக்களையில் டம்ளர் சத்தம் கேட்டது. அவன் அவசரமாக, சுவர் தன் நிறங்களை எடுக்கும், அதன் அடியில் இருந்த வண்ணத்தட்டைத் திறந்து, தன் நீலத்தையும் அவள் மஞ்சளையும் கலந்தான். கிடைத்த பச்சையைத் தொட்டு அதே இடத்தில் வைத்தான்.

சுகிர்தா டீயுடன் வந்தாள். சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா தெரியுது பாரேன்," என்றான் ஜெரின்.

"நான் உனக்கு முன்னாடியே எந்திரிச்சு பாத்துட்டேன்," என்றாள். டம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பொட்டின் மேல் விரலை வைத்தாள்.

"இது நீயும் நானும்தான், ஜெரின். முன்னாடி இருந்த பொட்டுல கொஞ்சம் சிவப்பு இருந்துச்சு. நம்ம ரெண்டு பேர்கிட்டயும் இல்லாத, அதுக்கே சொந்தமான சிவப்பு."